ஒரு செபமாலை லோடிங்

தூத்துக்குடித் துறைமுகத்தில் ஒரு சரக்குக் கப்பலைக் காலி செய்ய ஆகும் நேரத்தைவிட, எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு விளையாட்டு ஏற ஆகும் நேரம் அதிகம். சத்தியமாகச் சொல்கிறேன். பொத்தானை அழுத்திவிட்டு, பைக்கை எடுத்துக்கொண்டு காயல்பட்டினம் போய், ஒரு கல்யாண வீட்டில் பிரியாணி சாப்பிட்டு, மாப்பிள்ளைக்குக் கைகொடுத்து, ஏப்பம் விட்டுக்கொண்டே திரும்பி வரலாம். அப்போதும் திரையில் கோடுகள்தான் ஓடிக்கொண்டிருக்கும்.

“எங்க வீட்டுக்காரரு ரோச் சொல்லுததை நாலால வகுங்க. மிச்சத்தையும் நல்லாக் கழுவிட்டு எடுத்துக்கோங்க” என்பாள் என் மனைவி அமலோற்பவம். கல்யாணமான மறுவாரத்திலிருந்து ஊருக்கெல்லாம் இதைத்தான் சொல்லி வந்தாள்.

அந்த அமலோற்பவத்தை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். குணமாகி அல்ல. இனிச் செய்ய ஒன்றுமில்லை, வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். மஸ்கட்டிலிருந்து மகள் அனுஜா வந்துவிட்டாள். மருந்தின் மயக்கத்தில் அமலி தூங்கிக்கொண்டே இருப்பாள். நடுவில் கொஞ்ச நேரம் கண் திறப்பாள், இரண்டு வார்த்தை பேசுவாள், மறுபடி போய்விடுவாள். அப்படி ஒரு விழிப்பில்தான் கேட்டாள்.

“ஏங்க, அந்த முத்துக்குளி விளையாட்டை ஒரு தடவை போடுங்களேன்.”

மக்ரூன் கேட்கவில்லை, இளநீர் கேட்கவில்லை. மாதா கோயிலுக்குத் தூக்கிப் போகச் சொல்லுவாள் என்று நினைத்து நாற்காலிகூட ஏற்பாடு செய்திருந்தேன். அதையும் கேட்கவில்லை.

நான் கப்பலில் இன்ஜின் ரூமில் இருந்தவன். வருஷத்தில் இரண்டு மாசம்தான் ஊர்வாசம். அனுஜா கைக்குழந்தையாக இருந்தபோது ராட்டர்டாமில் ஒரு கம்ப்யூட்டர் வாங்கி, சட்டைக்குள் சுற்றிக் கொண்டு வந்தேன். விசைப்பலகை மாதிரிதான் இருக்கும், கம்ப்யூட்டரே அதற்குள்தான். டி.வி.யில் மாட்ட வேண்டும். விளையாட்டெல்லாம் டேப் கேசட்டில். அந்தக் கேசட்டுகளில் ஒன்றில், படகிலிருந்து ஒருவன் கடலில் குதித்து, மூச்சு முடிவதற்குள் சிப்பி பொறுக்கி மேலே வர வேண்டும். ஆக்டோபஸ் துரத்தும். உறையில் அச்சடித்திருந்த பாஷை எங்களுக்குத் தெரியாததால் ‘முத்துக்குளி’ என்று நாங்களே ஞானஸ்நானம் கொடுத்துவிட்டோம். அமலி அதில் ராணி. “எங்க வம்சமே கடலுக்குள்ள மூச்சடக்குன வம்சம்லா” என்பாள். நான் குதித்தால் ஆக்டோபஸ் வாயைத் திறந்து வைத்துக்கொண்டே காத்திருக்கும்.

ஆனால் குதிப்பதற்கு முன் லோடிங். கேசட் சுற்றச் சுற்ற டி.வி. ஓரத்தில் கலர் கலராய்க் கோடு நடுங்கும். தகரத்தில் ஆயிரம் ஆணி கீறுகிற மாதிரி ஒரு சத்தம். அதைக் கேட்டுப் பக்கத்து வீட்டு நாய் திருச்செந்தூருக்கு ஓடிப்போய் அங்கேயே குடும்பம் நடத்தியது. போதாக்குறைக்கு, டேப்பிலிருந்து வரும் வயரின் முனை லூஸ். லோடிங் முடியும்வரை நான் அதை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு ஆடாமல் அசையாமல் உட்கார வேண்டும். தும்மினால் போச்சு, முதலிலிருந்து. கப்பல் இன்ஜினையே பிரித்து மாட்டுகிறவன் ஒரு வயரைப் பற்றவைக்க மாட்டேனா? “அதைத் தொடாதிய, இருக்கது இருக்கட்டும்” என்று தடுத்துவிடுவாள். என் பக்கத்தில் உட்கார்ந்து செபமாலையை எடுப்பாள். ஐம்பத்துமூன்று மணியும் உருண்டு முடியும்போது சரியாகப் படகு வந்து நிற்கும். மாதா ஏற்றித் தருகிறாளா, கேசட் ஏற்றுகிறதா என்று எனக்கே சந்தேகம் வந்துவிடும்.

அந்த கம்ப்யூட்டரை உப்புக் காற்று என்றோ தின்றுவிட்டது. கேசட் மட்டும் பீரோவில் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு, செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கும் இசக்கிராஜாவிடம் ஓடினேன். அவன் கேசட்டை லேப்டாப்பில் பதிவு செய்து, சோப்பு டப்பா அளவில் ஒரு விளையாட்டுப் பெட்டிக்குள் போட்டுக் கொடுத்தான். படுத்துக்கொண்டே கையில் பிடித்து விளையாடலாம்.

அன்று மத்தியானம் அமலி கண் திறந்ததும் பொத்தானை அழுத்தினேன். அதே கோடு, அதே சத்தம். அவள் முகம் மலர்ந்தது. பாதிக் கோடு ஓடுவதற்குள் தூங்கிவிட்டாள். மறுநாளும் அப்படித்தான். அதற்கடுத்த நாள் இன்னும் சீக்கிரம். லோடிங் அப்படியே இருந்தது. அவள் விழித்திருக்கும் நேரம்தான் குறைந்துகொண்டே வந்தது. சிரிக்க வைக்கிற கணக்கு எத்தனையோ எனக்குத் தெரியும். இந்தக் கணக்கில் மட்டும் ஒரு சிரிப்பும் கிடைக்கவில்லை.

“ஏலே இசக்கி! பேரனுங்க வெளையாடுத வெளையாட்டெல்லாம் பட்டுன்னு வருது. இது மட்டும் ஏம்ல நத்தை மாதிரி ஊருது?” என்று கடையில் போய்க் கத்தினேன்.

“அண்ணாச்சி, இந்தப் பெட்டி அந்தப் பழைய கம்ப்யூட்டர் மாதிரி வேஷம் கட்டுது. நான் குலசை தசராவுக்குக் காளி வேஷம் கட்டுதேன்லா? வெரதம் இல்லாம வேஷம் மட்டும் கட்ட முடியுமா? இதும் அப்படித்தான். அந்தக் காலத்து மெதுவும் சேர்ந்துதான் வரும்.”

“காளியைக் கொஞ்சம் ஓடச் சொல்லுல.”

ஓட விட்டுப் பார்த்தான். வேகத்தைக் கூட்டினால் படகு பாதியாய் உடைந்து, கடல் தலைகீழாய்த் தொங்கி, பெட்டி உறைந்துபோனது. இந்தக் கேசட்டுக்கு வேகம் ஒத்துக்கொள்ளாது என்றான். என் முகத்தைப் பார்த்தானோ என்னவோ, தலையைச் சொறிந்துவிட்டு இன்னொரு வழி சொன்னான்.

“ஒண்ணு செய்யலாம். அக்கா தூங்கும்போது முழுசா ஏத்திருங்க. படகு வந்து நின்னதும் இந்தப் பொத்தானை அமுக்குனா அந்த நிலை அப்படியே சேவ் ஆயிரும். அக்கா முழிச்ச உடனே தொறந்தா நேரா கடல்தான்.”

அவனைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தேன். கடைக்கு வந்திருந்தவர்கள் போனை வாங்காமலே போய்விட்டார்கள்.

அன்று அவள் தூங்கும்போதே ஏற்றி, சேவ் செய்து, பெட்டியைத் தலையணை ஓரம் தயாராக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெயில் சாயும் நேரத்தில் கண் திறந்தாள். சேவ் செய்ததைத் திறந்தேன். படகு! கடல்! இசை! ஒரு நொடிகூட ஆகவில்லை. வெற்றிக் கொடி நாட்டியவனாய்ப் பெட்டியை அவள் கையில் வைத்தேன்.

அவள் திரையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

“லோடிங் எங்க?”

“அதெல்லாம் நான் முன்னாடியே முடிச்சிட்டேம்ளா! நீ குதி!”

பெட்டியைத் திருப்பி என் மடியில் வைத்துவிட்டாள். “எனக்கு இது வேண்டாம். முதல்ல இருந்து போடுங்க.”

“அமலி, அதுக்குள்ள நீ தூங்கிருவ. அப்புறம் எப்படி வெளையாடுவ?”

“வெளையாட்டு யாருக்கு வேணும்?” குரல் மெலிந்திருந்தது, ஆனால் கிண்டல் குறையவில்லை. “ரெண்டு மாச லீவுல நீங்க எங்க வீட்டுல இருந்திய? கூட்டாளி, சீட்டுக்கட்டு, ஊர்ப்பஞ்சாயத்துன்னு ஒரு நிமிஷம் உக்காந்தியளா? அந்த வயரைப் பிடிச்சிட்டு இருக்கும்போதுதான் எந்திரிக்காம எம்பக்கத்துல இருப்பிய.”

“அதான் வயர் லூசாப் போச்சுல்லா, பிடிச்சுத்தானே ஆகணும்…”

“தானா லூசாவுமா?” அவள் உதடு கோணியது. அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். “தெனமும் ஆட்டி ஆட்டி லூசாக்குனதே நாந்தான். நீங்க பெரிய இன்ஜின் ரூம் ஆளு!”

கட்டில் காலடியில் நின்ற அனுஜா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அப்புறம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அண்டப் புளுகனான என்னையே இத்தனை வருஷம் ஏமாற்றியிருக்கிறாள்.

முதலிலிருந்து போட்டேன். கோடுகள் நடுங்கின. சத்தம் கீறியது. “செபமாலை” என்றாள். அனுஜா எடுத்துக் கொடுத்தாள்.

“வயரைப் பிடிங்க” என்றாள் என்னிடம்.

“இதுல வயர் இல்லையே அமலி.”

சுட்டுவிரலை நீட்டினாள். பிடித்துக்கொண்டேன். பழைய பழக்கம், கட்டைவிரலால் அழுத்தி, ஆடாமல் அசையாமல். அவள் உதடுகள் மெல்ல அசைந்தன. முதல் பத்து மணி உருண்டது. இரண்டாவது பத்தில் பாதி. அப்புறம் மணி நகரவில்லை, உதடு மட்டும் அசைந்தது. அப்புறம் அதுவும் இல்லை. தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன். தும்மல் வந்தது, அடக்கினேன். அசையவே இல்லை.

“அப்பா” என்றாள் அனுஜா. “அப்பா, அம்மா…”

“சத்தம் போடாத. லோடிங் ஓடுது” என்றேன்.

விட்ட மணியிலிருந்து அனுஜா எடுத்துச் சொல்லத் தொடங்கினாள். குரல் உடைந்து உடைந்து வந்தது, ஆனாலும் நிறுத்தவில்லை. கடைசி மணி முடிந்தபோது கோடுகள் நின்று, படகு வந்தது. இசை ஒலித்தது. பெட்டி மடியில் கிடந்தது. படகின் ஓரத்தில் அந்தக் குட்டி மனுஷன், பொத்தானை யாராவது அழுத்தினால் குதிப்பதற்காக நின்றுகொண்டே இருந்தான். அக்கம்பக்கத்து ஆட்கள் வந்து என் விரலை அவள் விரலிலிருந்து பிரித்தெடுக்கும்போதும் நின்றுகொண்டுதான் இருந்தான்.

அமலியின் முப்பதாம் நாள் மாசப் பூசை முடிந்த மறுநாள் இசக்கிராஜா வீட்டுக்கு ஓடி வந்தான். முகமெல்லாம் பல்.

“அண்ணாச்சி, கண்டுபிடிச்சிட்டேன்! ராவும் பகலுமா உக்காந்து சரி பண்ணிட்டேன். இனிமே படகு ஒடையாது. கண்ணை மூடித் தொறக்குமுன்ன வந்துரும்!” சொல்லி முடித்த பிறகுதான் சுவரில் இருந்த மாலை போட்ட படம் அவன் கண்ணில் பட்டது. அடக்கத்துக்கு வந்திருந்தவன்தான், உற்சாகத்தில் மறந்துவிட்டான். தலையைக் குனிந்துகொண்டான். “அக்கா இருக்கும்போதே முடிச்சிருக்கணும் அண்ணாச்சி.”

“நல்ல காரியம்ல இசக்கி” என்று பெட்டியை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். “அந்த வேகத்தை இதுல போட்டுராத, என்ன? பழைய வேஷமே இருக்கட்டும். வெரதத்தோட.”

அவன் தலையாட்டினான். அப்போதே பொத்தானை அழுத்தினேன். கோடுகள் ஓடத் தொடங்கின. காபி குடித்துவிட்டுப் போகும்படி அனுஜா உள்ளேயிருந்து அவனை உட்காரச் சொன்னாள். அவன் குடித்துவிட்டுக் கிளம்பியபோதும் வழியனுப்ப நான் எழுந்திருக்கவில்லை. கட்டைவிரலைப் பெட்டியின் ஓரத்தில், வயரே இல்லாத இடத்தில், அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன்.