மாடொக்கின் வேலி

மடுமாதாவின் பேரில் சத்தியம், கீழே உள்ள ஒவ்வொரு சொல்லும் உண்மை.

ரூ பெர்தொனே என்கிற பிரெஞ்சுத் தெருவில், நகைக்கடைக்கு மேலே மூன்றாம் மாடியில், மரியநாயகியின் வீட்டில் ஓவன் ஒரு தட்டு வாழைப்பழத்தோடு உட்கார்ந்திருந்தான். பெண் கேட்க வருகிற மாப்பிள்ளையோடு தாய், தகப்பன், நாலு பெரியவர்கள் வரவேண்டும். இவனோடு வந்தது வாழைப்பழம் மட்டும்தான். வேல்ஸ் நாட்டுப் பிள்ளை. தாய் தகப்பன் சின்ன வயதிலேயே போய்விட்டார்கள். தகப்பனைப் பெற்றவர் ஹியூ என்பதற்கு மேல் தன் வம்சத்தைப் பற்றி அவனுக்கு எதுவும் தெரியாது.

“ஆக்களை விசாரிக்காமல் பிள்ளையைக் குடுக்கேலாது,” என்றாள் மரியநாயகி. மகள் றஜனி அதைப் பிரெஞ்சில் ஓவனின் காதில் போட்டாள். அவன் வாழைப்பழத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மரியநாயகியின் தமையன் ஸ்ரனிஸ்லாஸ் எழும்பி, தன் கதிரையை இழுத்துக்கொண்டுபோய் ஓவனுக்குப் பக்கத்தில் போட்டார்.

“நான் இப்ப மாப்பிள்ளை வீட்டு ஆள். விசாரிச்சிட்டுத்தான் வந்திருக்கிறன்.”

“எங்கை?”

“நூலகத்திலை. மாரி முழுக்க அங்கைதான். அறுநூறு வருசத்துத் தோல் ஏடுகள். பாதி லத்தீன், பாதி அவையின்ரை பாஷை.”

“நீங்களோ வாசிச்சனீங்கள்?”

“நான்தான்.” கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “ஹியூவிலை பிடிச்சு மேலை மேலை ஏறினன். மாடொக் வந்தார். மாடொக்கின்ரை தேப்பன் இயெவான், அவரின்ரை தேப்பன் ரீஸ். எங்களைப் போலத்தான், தேப்பன்ரை பேரைக் கூடப் போடுறவை. புலவர்மார் வந்து தலைமுறை பாடுவினம். குதிரை, வயல், ஆத்துத் தண்ணியிலை ஓடுற மில்.”

“சீனி வருத்தம்?”

“அப்ப அங்கை சீனியே இல்லை, பிள்ளை.”

“குடி?”

“பூசை முடிஞ்சாப் பிறகுதான்.”

மரியநாயகி அசையவில்லை. “எல்லாம் நல்லதெண்டா நான் நம்பன். ஒரு குறையும் இல்லையோ?”

ஸ்ரனிஸ்லாஸ் தயங்கினார். குரலைத் தாழ்த்தினார். “ஒண்டு இருக்கு. அங்கை காணியை ஆம்பிளைப் பிள்ளையள் எல்லாருக்கும் சரிசமனாப் பிரிக்கிறவை. மாடொக்கின்ரை தமையன் இரவோடை இரவா வேலியை ஒரு சாண் தள்ளி அடைச்சுப்போட்டான். கோட்டுக்குப் போச்சினம்.”

“ஆர் வெண்டது?”

“ரெண்டுபேரும் செத்துப்போச்சினம். வழக்கைப் பிள்ளையள் நடத்தினவை.”

மரியநாயகி முதல்முறையாக ஓவனை முழுதாகப் பார்த்தாள்.

“ஒரு சாணோ?”

“ஒரு சாண்.”

“எங்கட ஆக்கள்தான்,” என்றாள். எழுந்து வாழைப்பழத் தட்டை வாங்கி உள்ளே கொண்டுபோனாள். றஜனி மொழிபெயர்க்க மறந்துபோனாள். ஓவனுக்குத் தேவைப்படவும் இல்லை.

அவன் ஸ்ரனிஸ்லாஸ் பக்கம் திரும்பி, தெரிந்த தமிழில் மெல்லக் கேட்டான்: “மாடொக்… எப்பிடி இருந்தார்?”

“உன்னைப் போலத்தான், தம்பி. காது கொஞ்சம் பெரிசு.”

ஓவன் தன் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். கொஞ்ச நேரம் கையை எடுக்கவில்லை.

ஸ்ரனிஸ்லாஸுக்குத் தமிழைத் தவிர வேறெந்த எழுத்தும் வாசிக்கத் தெரியாது; அவருக்கு வரும் பிரெஞ்சுக் கடிதங்களையெல்லாம் மரியநாயகிதான் வாசித்துச் சொல்வாள்.