மாவிலைத் தண்ணீர்

ஆயுத பூசை லீவு முடிந்து கடை திறந்த அன்றே மானிட்டரில் கோடு விழுந்துவிட்டது. இடது ஓரத்தில் மேலிருந்து கீழாக ஊதா நிறத்தில் ஒரே ஒரு கோடு. மத்தியானத்துக்குள் அது மூன்றானது. சாயங்காலம் பாதித் திரை இருண்டுபோனது. வாங்கி நாலு மாசம்கூட ஆகவில்லை. மூணு வருஷ வாரண்டி இருக்கிறதே என்ற தெம்பில் யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. வாங்கும்போது வாய் நிறையச் சொல்கிற வாரண்டி, கேட்கப் போகும்போது ஊமையாகிவிடும் என்பது அப்போது அவர்களுக்குத் தெரியாது.

சிதம்பரம் தெற்கு வீதியில் இருக்கிறது ஜி.ஏ. கம்ப்யூட்டர்ஸ். ஜி என்றால் கோவிந்தசாமி, ஏ என்றால் ஆரோக்கியராஜ். கல்லூரியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள், பதினாறு வருஷமாக ஒரே கல்லாவில் உட்கார்ந்திருக்கிறார்கள். பல்கலைக்கழகத்துப் பிள்ளைகளின் ஆராய்ச்சிக் கட்டுரைகளை டைப் அடித்து, பிரிண்ட் எடுத்து, பைண்டிங் போட்டுக் கொடுப்பதுதான் தொழில். கடையின் பேரில் இல்லாத மூன்றாவது ஆள் இளமதி. உண்மையைச் சொன்னால் கடையே அவள்தான். கணக்குச் சமன்பாடு, வேதியியல் வாய்பாடு, எட்டுப் பத்தி அட்டவணை எதுவானாலும் ஒன்பது வருஷமாக அவள் விரலில்தான் ஓடுகிறது. வருகிற பிள்ளைகள் வாசலில் நின்றபடியே "இளமதி அக்கா இருக்காங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் செருப்பைக் கழற்றுவார்கள். கெட்டுப்போனது அவளுடைய மானிட்டர்.

ஆரோக்கியராஜ்தான் அதைக் கடலூருக்குத் தூக்கிக்கொண்டு போனான். சிப்காட் ரசாயன ஆலைகளின் நாற்றத்தைத் தாண்டி, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். திருப்பாதிரிப்புலியூரில் ஒரு மாடியில் இருந்தது சர்வீஸ் சென்டர். கவுண்டரில் இருந்த ராஜ்கமல் எதைக் கேட்டாலும் "பண்ணிடலாம் சார்" என்பான். பத்து நாளில் வேறு மானிட்டர் கொடுக்கவும் செய்தான்.

அது புதுசு இல்லை. எங்கோ கெட்டு, எங்கோ சரிசெய்யப்பட்டு வந்தது. திரையின் நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி, கடுகில் பாதி இருக்காது. இளமதி முதலில் அதைத் தூசி என்று துடைத்தாள். அப்புறம் இரண்டு நாள் அதோடு மல்லுக்கட்டினாள்.

"முடியலண்ணா. டேபிள்ல எது தசமப் புள்ளி, எது மானிட்டர் புள்ளின்னே தெரியல. ஒவ்வொரு நம்பருக்கும் பக்கத்த நவுத்தி நவுத்திப் பாக்கறேன்."

"ஒரு புள்ளிக்காம்மா திருப்பி அனுப்பறது?" என்றான் கோவிந்தசாமி.

"நாளைக்கு ஒரு பையன் வைவாவுல போயி நிப்பான்ல, அவன நெனச்சுப் பாருங்க."

அதுவும் கடலூருக்குப் போனது. அடுத்தது வரும் என்று காத்திருந்தபோது ராஜ்கமல் போனில் கூப்பிட்டு, நேரில் வரச் சொன்னான். ஆரோக்கியராஜ் போனான்.

அன்று ராஜ்கமல் "பண்ணிடலாம்" சொல்லவில்லை. கம்ப்யூட்டரில் ஒரு படத்தைத் திறந்து காட்டினான். சென்னையில் பிரித்துப் பார்த்த பழைய மானிட்டரின் வயிறு. பச்சைப் பலகையில் வெள்ளையாகப் பூத்திருந்தது.

"உள்ள தண்ணி போயிருக்கு சார். வாரண்டி செல்லாதுன்னுட்டாங்க. வேற பீசும் குடுக்க வேணாம்னு சொல்லிட்டாங்க."

"தண்ணியா? பக்கத்துல பாட்டில் வைப்பாங்க, ஒருவேள…"

"பாட்டில் சாஞ்சா கீழ தான சார் போவும். இது மேலேருந்து எறங்கியிருக்கு. பாருங்க, காத்துப் போற ஓட்டை வழியா. யாரோ மேலேருந்து தெளிச்ச மாரி."

தெளித்தது ஆரோக்கியராஜ்தான்.

கோவிந்தசாமியின் அம்மா ஆடியில் இறந்துபோயிருந்தாள். வருஷம் திரும்பும்வரை அவர்கள் வீட்டில் பண்டிகை கிடையாது, பூசைக்கு அவன் கை வைக்கக் கூடாது. கடை மெஷின்கள் சும்மா கிடக்க வேண்டாம் என்று, "மச்சான், இந்த வருஷம் நீயே ஒரு பொட்டு வச்சிடு" என்று ஆரோக்கியராஜிடம் சொன்னான். அதற்குக் கோவிந்தசாமியின் மனைவி விருத்தாம்பாள் ஒரு மூச்சு சண்டை போட்டாள். "வேதக்காரர் கையால சரசுவதி பூசையா? ஊருல கேட்டா சிரிப்பாங்க" என்றாள். "அவன் கையும் என் கையும் ஒண்ணுதான்" என்று கோவிந்தசாமி அவள் வாயை அடைத்தான்.

அந்த ஒரு வார்த்தையில் ஆரோக்கியராஜ் உருகிப்போனான். இளமதி லீவுக்கு ஸ்ரீமுஷ்ணத்தில் அவள் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். கோவிந்தசாமி எதிர்ப்புறம் டீக்கடையில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். ஆரோக்கியராஜ் தனியாக, பயபக்தியாக, ஒரு குறையும் வந்துவிடக் கூடாதென்று எல்லாம் செய்தான். சந்தனம், குங்குமம், பொரி, பழம். பொட்டு வைப்பதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் கிறிஸ்தவனான அவனுக்குத் தெரிந்த மந்திரிப்பு என்றால், புது வீட்டுக்கு ஃபாதர் வந்து மூலை மூலையாகத் தீர்த்தம் தெளிப்பதுதான். மாவிலைக் கொத்தைச் சொம்பில் முக்கி, ஒவ்வொரு மெஷினுக்கும் மும்முறை உதறினான். இளமதியின் மானிட்டர் புதுசு என்பதால் அதற்கு மட்டும் இன்னும் இரண்டு முறை, ஆசை ஆசையாக.

திரும்பி வரும் பஸ்ஸில் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே வந்தான். சொன்னால் விருத்தாம்பாள் சிரிப்பாள். கோவிந்தசாமி தலைகுனிவான். கடைசியில் கடைக்குள் நுழைந்து, "உள்ள தண்ணி போயிருக்காம் மச்சான்" என்று மட்டும் சொன்னான். மேலிருந்து இறங்கியது என்பதை முழுங்கிவிட்டான்.

கோவிந்தசாமியின் பார்வை நேராக இளமதியின் கீபோர்டுக்குப் பக்கத்தில் போய் நின்றது. அங்கே பச்சை மூடி போட்ட ஒரு லிட்டர் பாட்டில். கிட்னியில் கல் வந்ததிலிருந்து அவள் அதை விட்டுப் பிரிவதில்லை.

"எத்தினி தடவ சொல்லியிருக்கேன், மெஷின் பக்கத்துல பாட்டில் வைக்காதன்னு?"

"நான் கொட்டலண்ணா."

"கொட்டாம தண்ணி தானா நடந்து போச்சா?"

இளமதி ஆரோக்கியராஜைப் பார்த்தாள். அவன் பிரிண்டரில் பேப்பர் அடுக்கப் போய்விட்டான். பிரிண்டரில் ஏற்கெனவே பேப்பர் நிறைய இருந்தது.

ராஜ்கமல் ஒரு வழி சொல்லியிருந்தான். தண்ணீர் எப்படிப் போனது, யாரால் போனது என்று எழுதி, அந்த ஆளே கையெழுத்துப் போட்டு, இனி நடக்காது என்று ஒரு கடிதம் கொடுத்தால் கம்பெனி ஒரே ஒரு தடவை இரக்கம் காட்டலாம். கோவிந்தசாமி இரண்டே விரலால் அந்தக் கடிதத்தை டைப் அடித்தான். 'எங்கள் ஊழியர் இளமதி என்பவரின் கவனக்குறைவால்' என்று தொடங்கி அரைப் பக்கம். பிரிண்ட் எடுத்து அவள் முன்னால் வைத்தான்.

அவள் நிதானமாகப் படித்தாள். பேனாவை எடுத்தாள். இரண்டு இடத்தில் இருந்த பிழையைத் திருத்தினாள். கையெழுத்துப் போடாமல் தாளைத் திருப்பி வைத்தாள். பாட்டிலையும் சாப்பாட்டுப் பையையும் எடுத்துக்கொண்டு, "வர்றேண்ணா" என்றுகூடச் சொல்லாமல் படியிறங்கினாள். ஒன்பது வருஷத்தில் அவள் அப்படிப் போனதே இல்லை. ஆரோக்கியராஜ் பேப்பரை அடுக்கிக்கொண்டே இருந்தான். சே, என்ன மனுஷன் நான் என்று அவனுக்கே அருவருப்பாக இருந்தது.

அடுத்த வாரம் அண்ணாமலை நகரிலிருந்து ஒரு டைப்பிங் கடைக்காரர் போன் பண்ணினார். இளமதி வேலை கேட்டு வந்திருக்கிறாளாம், ஆள் எப்படி என்று கேட்டார். கோவிந்தசாமி கெட்டவன் இல்லை. கேட்டதற்கு மனதில் பட்டதைச் சொன்னான்.

"வேலையில புலி சார். மெஷின்லதான் கவனம் பத்தாது. தண்ணிய ஊத்திட்டு, இல்லன்னு சாதிக்குது."

அந்த வேலை அவளுக்குக் கிடைக்கவில்லை. ஆரோக்கியராஜ் பக்கத்திலேயே நின்று பைண்டிங் துணிக்குப் பசை தடவிக்கொண்டிருந்தான்.

மறுநாள் இளமதி கையெழுத்துப் போடாத அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு கடலூருக்குப் போனான். சர்வீஸ் சென்டர் படிக்கட்டில் உட்கார்ந்து அதைக் கிழித்தான். ராஜ்கமலிடம் ஒரு வெள்ளைத் தாள் வாங்கி, பூசையில் தண்ணீர் தெளித்தது ஆரோக்கியராஜ் ஆகிய நான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். ராஜ்கமல் படித்துவிட்டுச் சிரிப்பை அடக்கிக்கொண்டான். "வருஷா வருஷம் நாலு பேராவது வருவாங்க சார்" என்றான்.

ஒன்பதாம் நாள் மானிட்டர் வந்தது. இந்த முறை சீல் பிரிக்காத புதுசு. வாங்கிக்கொண்டு வந்தவன் கடைக்குப் போகவில்லை. பெட்டியோடு வண்டிகேட் பகுதியில் இருந்த இளமதி வீட்டுக்குப் போனான். அவள் வாசலுக்கு வந்தாள். உள்ளே வரச் சொல்லவில்லை.

"தண்ணி தெளிச்சது நான்தாம்மா. பூசையன்னிக்கு."

"தெரியும்ண்ணா."

அவன் பெட்டியைக் கீழே இறக்கி வைத்தான்.

"கடை தொறந்த அன்னிக்கே மானிட்டர் பின்னாடி மாவிலக் காம்பு கெடந்துது. மேசையெல்லாம் தண்ணி காஞ்ச தடம். நான்தான தொடச்சேன்."

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமேம்மா."

"நான் சொன்னா விருத்தாம்பா அக்கா உங்கள என்னா பேசும்னு எனக்குத் தெரியாதா? நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்தேன். தெனம் உங்க மூஞ்சியத்தான் பாத்துகிட்டு இருந்தேன்."

ஆரோக்கியராஜ் கண்ணைத் துடைத்துக்கொண்டான். கடலூரில் கடிதத்தை மாற்றி எழுதியதை, தன் பேரில் கையெழுத்துப் போட்டதை அவசர அவசரமாகச் சொன்னான். அவள் கேட்டு முடிக்கும்வரை பொறுத்திருந்தாள்.

"கடலூர்ல என்னைய யாருக்குண்ணா தெரியும்? எம் பேரு கெட்டது இங்க தான. கோவிந்தசாமி அண்ணன் கிட்ட சொல்லிட்டீங்களா?"

அவன் பெட்டியைப் பார்த்தான்.

"வெயிலா இருக்கு, கெளம்புங்கண்ணா" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள்.

கடையில் கோவிந்தசாமி பெட்டியைப் பார்த்ததும் துள்ளிக் குதிக்காத குறை. அவனே பிரித்து, அவனே மேசையில் வைத்து, இளமதியின் நாற்காலியில் உட்கார்ந்து ஆன் பண்ணினான். கோடும் இல்லை, புள்ளியும் இல்லை. அவன் முகத்தில் வெளிச்சம் அடித்தது. மேசை டிராயரிலிருந்து சந்தனப் பொட்டலத்தை எடுத்து நீட்டினான்.

"மச்சான், உங் கையாலயே ஒரு பொட்டு வச்சிடு. அன்னிக்கி நீ நல்லபடியாதான் வச்ச. அந்தப் பொண்ணுதான் கெடுத்துடுச்சு."

ஆரோக்கியராஜ் வாங்கவில்லை.

"அவ கொட்டல மச்சான். தண்ணி மேலேருந்துதான் எறங்கியிருக்கு. கடலூர்ல அன்னிக்கே சொன்னான். நான்தான் மாவிலையால தெளிச்சேன்."

கோவிந்தசாமியின் கை நீட்டியபடியே நின்றது. திட்டுவான் என்று ஆரோக்கியராஜ் எதிர்பார்த்தான். திட்டினால் தேவலை என்று இருந்தது. பொட்டலத்தை மேசைமேல் வைத்துவிட்டு, கோவிந்தசாமி ஒன்றே ஒன்று கேட்டான்.

"அந்தப் பொண்ணுக்குத் தெரியுமா?"

"மொத நாளே தெரியும்."

கோவிந்தசாமி போனை எடுத்து அண்ணாமலை நகர் கடைக்குப் போட்டான். "சார், அன்னிக்கி நான் சொன்னது தப்பு சார்" என்றான். அந்தப் பக்கம் பேசியதைக் கேட்டான். "ஆள் போட்டுட்டீங்களா? சரி சார்" என்று வைத்தான். அதற்குப் பிறகு நாற்காலியிலிருந்து எழுந்து சுவரோரமாக நின்றுகொண்டான். இரண்டு பேரில் யாரும் அதில் உட்காரவில்லை.

வாசலில் ஒரு மாணவன் பென்டிரைவோடு வந்து நின்றான்.

"இளமதி அக்கா இருக்காங்களா?"

கோவிந்தசாமி ஆரோக்கியராஜைப் பார்த்தான். பிரிண்டர் பக்கம் திரும்பப்போன ஆரோக்கியராஜ், திரும்பாமல் நின்றான்.

"இல்லப்பா. எங்களால போயிட்டாங்க."

அந்தப் பையன் செருப்பைக் கழற்றவில்லை. சரி என்று தலையாட்டிவிட்டுப் போய்விட்டான்.