மூன்று தட்டு

இதனால் சகலருக்கும் அறிவிப்பது யாதெனில்: ஸ்பெயின் தேசத்து ஹெரேஸ் நகரத்து சாந்தியாகோ பேட்டையில், ஃபிளமெங்கோ ஆட்டத்தின் முடிவில் விழும் மூன்று தட்டு, அதாவது இடது குதிகால், வலது குதிகால், மறுபடி இடது முன்பாதம், எந்தக் குடும்பத்துக்குச் சொந்தம் என்பதே மனித குலத்தின் முன்னால் இன்று நிற்கும் தலையாய கேள்வி. ரோமாபுரி விழுந்ததெல்லாம் இதற்கு முன்னால் சில்லறை விவகாரம். கார்ப்பியோ குடும்பத்தைக் கேட்டால் அது எட்டுத் தலைமுறையாகத் தங்கள் ரத்தத்தில் ஓடுகிறது. பெர்முதேஸ் குடும்பத்தைக் கேட்டால் ஒன்பது. இரண்டு வீட்டிலும் தாத்தாவுக்கு மேலே ஒரு பெயர்கூட யாருக்கும் தெரியாது என்பது வேறு விஷயம்.

ரோசெந்தா கார்ப்பியோவுக்கு அது ரத்தத்தில் ஓடவில்லை, ஏற்றப்பட்டது. அவளுக்கு நாலு வயதானபோது அப்பா பால்த்தசார் மடியில் கிதாரையும் பக்கத்தில் ஓர் ஆலிவ் குச்சியையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். தாளத்தின் பன்னிரண்டு எண்ணிக்கையில் ஒன்று பிசகினாலும் கெண்டைக்காலில் விழும். "ஹிட்டானோ, அதாங்க ஜிப்சிப் பொறப்புக்கு இதெல்லாம் தானா வர்ற வித்தைங்க" என்று வெளியூர்க் கனவான்களிடம் சொல்லும்போது மட்டும் குச்சியைக் காலால் நாற்காலிக்கு அடியில் தள்ளிவிடுவார். பதினைந்து வயதில் அவள் திருவிழாக் கூடாரத்தில் முதல் ஆட்டம் ஆடினாள். இடுப்பில் கை வைத்த குதிரை வியாபாரி வீட்டுக்குப் போகும்போது அவன் முன்பல் இரண்டு அண்ணன் ஹினேஸின் கையில் இருந்தன. பேட்டை அதைப் பெரிய வெற்றி என்றது. ஆட்டத்தைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

பத்தொன்பதில், இரு குடும்பப் பகை தீரட்டும் என்று, கொல்லுப் பட்டறை எலியாஸ் பெர்முதேஸுக்கு அவளைக் கட்டிவைத்தார்கள். பெண்டாட்டி மேடை ஏறக் கூடாது என்றான் எலியாஸ். ஏறினாள். ஒருநாள் பட்டறைக்குச் சாப்பாடு கொண்டுபோனவளின் இடது பாதத்தில் சம்மட்டியை இறக்கினான். கட்டைவிரல் நொறுங்கியது. அதோடு விட்டிருக்கலாம். குனிந்து, "வலிக்குதா?" என்று கேட்டான். நிமிர்ந்தபோது அவன் காதில் பாதி இல்லை. அவள் அதைத் துப்பிவிட்டு, நொண்டியபடி அப்பா வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். சமாதானக் கல்யாணம் இவ்வாறாக இனிதே நிறைவேறியது.

இப்போது அவளுக்கு இருபத்தெட்டு. மாட்ரிட்டில் ஆட்ட அரங்கு நடத்தும் தோன் அமாந்தியோ சனிக்கிழமை மாலைக் காட்சிக்கு வருகிறார், ஓர் ஆட்டக்காரியை எடுத்துப் போகப்போகிறார் என்று சேதி. அந்தக் கால் இன்னும் இரண்டு வருடம் தாங்கினால் பெரிது. அதற்கப்புறம் ஊரார் கல்யாணத்தில் கொண்டைக்கடலைக் குழம்பு கிண்ட வேண்டியதுதான். சனிக்கிழமை மேடை ஏற வேண்டும். அவளுக்கு வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை.

வியாழக்கிழமை பகலில் பேட்டையில் ஒரு கல்யாணம். இரண்டு குடும்பத்தையும் அழைத்திருந்தார்கள். அழைக்காமல் விட்டால் அதற்கும் ஒரு கத்தி உண்டு. முற்றத்தில் ஒரு பெர்முதேஸ் பெண் ஆட எழுந்தாள். நன்றாகவே ஆடினாள். முடிவில் இடது, வலது, இடது என்று மூன்று தட்டு.

ரோசெந்தாவின் மாமியார் கதாலினா பெர்முதேஸ் நாற்காலி மேலேயே ஏறிவிட்டாள். "ஏ பால்த்தசாரு! பார்த்துக்கய்யா! சொந்தக்காரி ஆடினா எப்படி இருக்கும்னு இப்பத் தெரியுதா?"

"திருடின கோழியை வளர்த்த கோழிங்கிறா பாரு!" என்றார் பால்த்தசார்.

"வளர்த்தியா? நீ எங்க வளர்த்த? ஒரு நொண்டியை வளர்த்த."

"நொண்டியாக்கினது உன் புள்ளடி! அவன் காது எங்கன்னு கேளு, எம்பொண்ணு பல்லுல தேடச் சொல்லு!"

இதுவரை எல்லாம் வழக்கமான குசலவிசாரிப்பு. கதாலினாவின் இளைய மகன் ரமீரோ, பன்னிரண்டு கோப்பை மதுவுக்குப் பிறகு, எழுந்து நின்றான். "டேய் கார்ப்பியோ, உங்க வீட்டுச் செத்தவங்களைக் குழியிலேருந்து கிளப்பி ஆடச் சொல்லு. அவனுங்களுக்கும் வராது!"

அந்தப் பேட்டையில் ஒருவனின் அம்மாவைத் திட்டலாம், தேவமாதாவைத் திட்டலாம், அரசாங்கத்தை மெதுவான குரலில் திட்டலாம். செத்தவர்களைத் தொடக் கூடாது. ரோசெந்தா ஓடிப்போய் ஹினேஸின் கையைப் பிடித்தாள். "அண்ணே, வேணாம்ணே. சனிக்கிழமை. ரெண்டே நாள்ணே. அப்புறம் எவனை வேணா குத்திக்க."

"செத்தவங்களைச் சொல்லிட்டான்டி," என்றான் ஹினேஸ். அதிலேயே எல்லாம் முடிந்துவிட்டது என்பதுபோல் அவளைத் தள்ளிவிட்டு நடந்தான். கத்தி ரமீரோவின் தொப்புளுக்கு மேலே நுழைந்து குறுக்கே ஒரு சாண் போனது.

அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் எட்டுத் தலைமுறைக் கலையும் ஒன்பது தலைமுறைக் கலையும் நேருக்கு நேர் மோதின. பால்த்தசார் கிதாரை ஒருவன் தலையில் இறக்கினார். தலை தாங்கியது, கிதார் தாங்கவில்லை. கொதிக்கும் குழம்புச் சட்டி யார் முதுகிலோ கவிழ்ந்தது. மணமகன் தன் கல்யாணத்தில் தனக்கு எதிரி யார் என்று தெரியாமல் இரண்டு பக்கத்தையும் அடித்தான். கதாலினா ரோசெந்தாவின் கூந்தலைக் கையில் சுற்றி இழுத்துக் கல்தரையில் முகத்தை மோதினாள். ரோசெந்தா ஷூவைக் கழற்றி, ஆணி அடித்த குதிகாலால் அவள் முழங்காலில் மூன்று போட்டாள். எண்ணிக்கை பிசகவே இல்லை.

ரமீரோவைத் தைத்துவிட்டார்கள், பிழைத்துக்கொண்டான். ஆனால் ரத்தம் ரத்தம்தான். போலீஸ் என்ற சொல்லை யாரும் எடுக்கவில்லை. மறுநாள் காலை தீர்ப்புச் சொல்ல லாஸாரோ மாமா வந்தார். இன்ன உறவு என்றில்லை, பேட்டைக்கே அவர் மாமா. வெள்ளிப்பூண் தடி, கறுப்புத் தொப்பி, நெஞ்சை அடைக்கும் கௌரவம். அவர் நாற்காலியில் உட்காரவே இரண்டு நிமிடம் எடுத்துக்கொண்டார்.

ஹிட்டானோ சட்டம் சுருக்கமானது. முதலில் ரத்தம் எடுத்தவனின் குடும்பம், கைக்குழந்தை உட்பட, பொழுது சாய்வதற்குள் ஊரை விட்டுப் போக வேண்டும். எதிர்க் குடும்பம் இருக்கும் ஊரில் இனி கால் வைக்கக் கூடாது. ஆகவே நேற்று வரை எத்தனை பேரைச் சாய்த்தேன் என்று மார்தட்டியவர்களெல்லாம் இன்று சட்டையைத் தூக்கித் தங்கள் காயத்தைக் காட்டினார்கள்.

"மாமா, எம்மவன் கத்தியே எடுக்கல. அவந்தான் வந்து விழுந்தான்," என்றார் பால்த்தசார்.

"குறுக்கால ஒரு சாணாடா விழுவான்?" என்றார் லாஸாரோ மாமா. தடியைத் தரையில் ஊன்றினார். "கார்ப்பியோக்கள் போகணும். இன்னைக்கே."

பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு அழுதார்கள். ரோசெந்தா அழவில்லை. ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. மற்றதால் மாமாவைப் பார்த்தாள்.

"மாமா, நான் யாரு?"

"என்னம்மா கேள்வி இது?"

"கட்டிக் கொடுத்த பொண்ணு எந்த வீட்டு ஆளு? நம்ம சட்டம் என்ன சொல்லுது?"

லாஸாரோ மாமா அறுபது வருடமாகச் சட்டம் சொல்கிறார். யாரும் அவரைத் திருப்பி ஒரு கேள்வி கேட்டதில்லை. தொப்பியைக் கழற்றினார், போட்டார். "புருஷன் வீட்டு ஆளு."

"அப்ப நான் பெர்முதேஸ். நான் போக வேண்டியதில்ல."

கதாலினா கட்டுப்போட்ட முழங்காலோடு சிரித்தாள். "வாடி மருமகளே! நாளைக்கு மேடையில அந்த மூணு தட்டு பெர்முதேஸ் பேர்ல விழும். ஊரே கேக்கட்டும்."

பால்த்தசார் மகளின் கன்னத்தில் அறைந்தார். வீங்கிய பக்கத்திலேயே. "எங்க சொத்தை அவங்க பேர்ல எழுதப்போறியாடி?"

"தட்டுறது என் காலுப்பா," என்றாள் ரோசெந்தா. "அடி வாங்கினதும் அதுதான்."

பொழுது சாய்வதற்குள் கார்ப்பியோக்கள் மூன்று வண்டியில் ஏறிப் போனார்கள். ஹினேஸ் தங்கை இருந்த திசைக்குத் துப்பினான். அவள் பெர்முதேஸ் வீட்டு வாசல் தாண்டியதும் எலியாஸ், தன் காதின் சார்பாக, அவள் விலாவில் இரண்டு உதை விட்டான். மூன்றாவதற்குக் காலைத் தூக்கியபோது அவள் இரும்பு வாணலியால் அவன் முழங்கையைப் பெயர்த்தாள். கதாலினாதான் விலக்கிவிட்டாள். "காலுல அடிக்காதடா மடையா. நாளைக்கு ஆடணும்."

சனிக்கிழமை மாலை அறிவிப்பாளர் முழங்கினார்: "ஒன்பது தலைமுறைப் பெர்முதேஸ் பரம்பரையின் மாணிக்கம்!" மாணிக்கத்தின் ஒரு கண்ணில் அரை டப்பா பவுடர். விலாவைத் துணியால் இறுக்கிக் கட்டியிருந்தது. மூச்சை முழுதாக இழுக்க முடியவில்லை.

ஆடினாள். அதுவரை யாரும் அப்படி ஆடிப் பார்த்ததில்லை என்று பேட்டையில் இன்றும் சொல்கிறார்கள். அவர்கள் எதைப் பற்றியும் அப்படித்தான் சொல்வார்கள், ஆனால் இதில் பொய்யில்லை. பலகை மேல் யாரையோ போட்டு மிதிப்பதுபோல் மிதித்தாள். குச்சி, சம்மட்டி, கல்தரை, எல்லாம் குதிகால் வழியே கீழே இறங்கின. பழைய எலும்பு உள்ளே மறுபடி விட்டுப்போனது, ஷூ ரத்தத்தில் நனைந்தது. நிறுத்தவில்லை. பாடகன் தன் வரியை மறந்தான். இடது. வலது. உடைந்த விரலோடு, இடது.

அரங்கம் எழுந்து நின்று கத்தியது. கதாலினா முழங்காலை மறந்து குதித்தாள். கட்டுப்போட்ட கையோடு எலியாஸ்கூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

தோன் அமாந்தியோ அப்போது கழிப்பறையில் இருந்தார். மத்தியானம் சாப்பிட்ட இறால் ஒத்துக்கொள்ளவில்லை. கடைசிக் கூட்டு ஆட்டத்துக்குத்தான் திரும்பி வந்தார். கால் நிற்காமல் ஓரமாக நாற்காலியில் உட்கார்ந்து மற்றவர்களுக்குக் கையால் தாளம் தட்டிக்கொண்டிருந்தவளைப் பார்த்து, "அந்தப் பொம்பளை நல்லாக் கை தட்டுறா" என்றார். ரோசெந்தா பெர்முதேஸ் மாட்ரிட்டில் பதினோரு வருடம் பின்வரிசையில் உட்கார்ந்து கை தட்டினாள்.