ஓர்ப்படியிடம் கேட்கவும்

எழிலரசியின் வயிற்றிலிருந்த குழந்தை ஐந்தாம் மாதத்தில் முதன்முதலாக உதைத்தபோது, உதை விழுந்தது அவளுடைய ஓர்ப்படி லோகநாயகியின் வயிற்றில். 2008 ஆவணி, ஒரு திங்கட்கிழமை, கடலூர் செம்மண்டலத்தில் குழாய்த் தண்ணீர் விடும் நேரம். கல்யாணமாகி ஒன்பது வருஷமாகியும் பிள்ளையில்லாத மூத்த மருமகள் லோகநாயகி பின்கட்டில் சங்கரா மீன் கழுவிக்கொண்டிருந்தாள். தொப்புளுக்கு வலப்பக்கம் உள்ளேயிருந்து ஓர் இடி. வாய்வு என்று நினைத்து ஓமத்தண்ணீர் குடித்தாள். ஓமத்தண்ணீருக்கெல்லாம் அது அடங்குமா? இன்னும் இரண்டு கூடுதலாக விழுந்தது.

விஷயம் வெளிப்பட்டது ஸ்கேன் எடுக்கப் போன இடத்தில். டாக்டரம்மா திரையைக் காட்டி, "பாரும்மா, எப்படி ஒதைக்குது" என்றார். படுத்திருந்த எழிலரசிக்கு ஒன்றும் தெரியவில்லை. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த லோகநாயகி "யம்மா" என்று வயிற்றைப் பிடித்தாள். மூன்று முறை சோதித்தார்கள், மூன்று முறையும் அப்படியே. டாக்டரம்மாவுக்கு வியப்பதற்கு நேரமில்லை, டோக்கனோடு முப்பது பேர் காத்திருந்தார்கள். அட்டையில் 'குழந்தையின் அசைவு' என்ற கட்டத்தில் 'ஓர்ப்படியிடம் கேட்கவும்' என்று எழுதிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார்.

ஆறாம் மாதத்தில் வரவேண்டியதெல்லாம் எழிலரசிக்கு ஒன்று விடாமல் வந்தது. கணுக்கால் வீக்கம், கெண்டைக்கால் இழுப்பு, முதுகுவலி, சோறு உள்ளே போனதுமே நெஞ்செரிச்சல். குழந்தைக்குக் காது கேட்கத் தொடங்கும் மாதம், பேச்சுக் கொடு என்றார்கள். அவள் தன் வயிற்றைப் பார்த்துப் பேசினாள். பதில் அடுப்பங்கரையில் லோகநாயகிக்குப் போனது. புருஷன் சபாபதியின் பாடு அதைவிட மோசம். சொந்தப் பிள்ளையின் உதையைத் தொட்டுப் பார்க்க அண்ணி வயிற்றில் கை வைக்க முடியுமா? அண்ணன் சிவசங்கர்தான் வைத்தான், வைத்த கையை எடுக்கவே இல்லை. "நோவெல்லாம் எனக்கு, வெளையாட்டெல்லாம் அவுங்களுக்கா?" என்று எழிலரசி வாய்விட்டு அழுதாள். லோகநாயகி மட்டும் சுகமாக இருந்தாள் என்று நினைக்க வேண்டாம். தட்டையாகக் கிடந்த தன் வயிற்றைக் கண்ணாடியில் பக்கவாட்டில் பார்த்துப் பார்த்து மனம் புழுங்கினாள். ஓர்ப்படியின் வீங்கிய காலைக் கண்டால்கூட அவளுக்குப் பொறாமையாக இருந்தது.

ஏழாம் மாதம் பிறந்ததும் வளைகாப்பு. பிள்ளையில்லாதவளைப் பக்கத்தில் உட்கார வைத்து அவளுக்கும் வளையல் போடுவது வழக்கம், போட்டார்கள். வளையல் குலுங்கிய சத்தத்தில் குழந்தை குதித்தது. லோகநாயகியின் புடவை எல்லோர் கண்ணெதிரிலும் துள்ளியது. அவ்வளவுதான், சந்தனக் கிண்ணத்தோடு மொத்தக் கூட்டமும் அவள் பக்கம் சாய்ந்துவிட்டது. முழங்கை வரைக்கும் வளையலைப் போட்டுக்கொண்டு எழிலரசி மணையில் தனியாக உட்கார்ந்திருந்தாள். அன்று சாயங்காலமே சிதம்பரத்துக்குக் கிளம்பினாள். அண்ணாமலை நகரில் அவளுடைய தாய்வீடு.

"நாப்பத்தஞ்சு கிலோமீட்டர் தாண்டி வந்து ஒதைக்குதான்னு பாக்குறேன். ஒதச்சுது ஒதச்சுதுன்னு எனக்கு போன் மட்டும் பண்ணாதீங்க" என்று லோகநாயகியிடம் சொல்லிவிட்டு வண்டி ஏறினாள். வயிறு சிதம்பரம் போனது. உதை செம்மண்டலத்திலேயே தங்கிவிட்டது.

ஐப்பசி மழையில் ஒரு புதன்கிழமை, விடிந்ததிலிருந்து உதை இல்லை. லோகநாயகி இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்துப் பார்த்தாள். சர்க்கரைத் தண்ணீர் குடித்துப் பார்த்தாள். இவள் குடித்தால் அங்கிருக்கும் பிள்ளைக்கு எப்படிப் போகும்? அந்த நேரத்தில் அதையெல்லாம் யார் யோசிக்கிறார்கள். போன் செய்தாள். நம்பரைப் பார்த்ததுமே எழிலரசி கட் பண்ணினாள், ஒன்பது தடவை. லோகநாயகி பஸ் ஏறினாள். சொட்டச் சொட்ட நனைந்து வாசலில் வந்து நின்றவளைப் பார்த்து எழிலரசி, "இங்கயும் வந்துட்டீங்களா? நேர்ல காட்டலாம்னா?" என்றாள்.

"காலையிலேர்ந்து ஒண்ணுமில்ல எழிலு" என்றாள் லோகநாயகி. "கெளம்பு."

எழிலரசி அன்று நன்றாகத்தான் இருந்தாள். மத்தியானம் இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டிருந்தாள். ஆஸ்பத்திரியில் பார்த்தால் ரத்த அழுத்தம் எக்கச்சக்கம், குழந்தையின் துடிப்பு தடுமாறிக்கொண்டிருந்தது. ஊசி போட்டுப் படுக்க வைத்தார்கள். நாளைக்கு வந்திருந்தால் பிள்ளை இருந்திருக்காது என்று நர்ஸ் முகத்துக்கு நேராகச் சொன்னாள். மறுநாள் பத்து மணி வரைக்கும் ஒன்றும் இல்லை. எழிலரசி கட்டிலில் கிடந்தபடி, கீழே பாயில் உட்கார்ந்திருந்த லோகநாயகியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தெரிந்துகொள்ள வேறு வழி ஏது? பத்தே காலுக்கு அந்த முகம் மலர்ந்தது. "ஒதைக்குதுடி" என்று லோகநாயகி சிரித்துக்கொண்டே அழுதாள். எழிலரசிக்குச் சந்தோஷம் வந்தது. அதற்கு ஒரு நொடி முன்னால் பொறாமை வந்தது, பொய் சொல்வானேன்.

பிறகு லோகநாயகி சிதம்பரத்திலேயே தங்கினாள். மணிக்கொரு தடவை அவள் எண்ணிக்கை சொல்ல, எழிலரசியின் அப்பா உத்திராபதி நோட்டில் குறித்தார். தை மாதம் பெண் பிறந்தது, மோகனப்பிரியா என்று பெயர் வைத்தார்கள். பிரசவ வலி முழுக்க எழிலரசிக்குத்தான். அதில் பங்கு கேட்டு யாரும் வரவில்லை. பதினாறாம் நாள் தீட்டுக் கழிந்து ஒரு மத்தியானம், பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே அவள் கேட்டாள்.

"அக்கா, எப்படித்தான் இருந்துச்சு அது? சொல்லுங்களேன்."

லோகநாயகி துணி மடித்துக்கொண்டிருந்தாள். "அத மட்டும் கேக்காத எழிலு. புள்ள ஒனக்கு, பாலு ஒனக்கு, அம்மான்னு கூப்புடப் போறதும் ஒன்னத்தான். அது ஒண்ணு எங்கிட்ட இருந்துட்டுப் போவட்டும்."

எழிலரசி அப்புறம் கேட்கவில்லை. பொறாமை போகவும் இல்லை. 2011-இல் இரண்டாவது பிள்ளைக்கு ஐந்தாம் மாதம் பிறந்த அன்று, தன் கட்டிலை ஒட்டி லோகநாயகிக்கும் ஒரு பாய் விரித்தாள்.