குளக்கரையில் என் மேஜை

எங்கள் கம்பெனியில் குழந்தை பெற்ற பெண்களின் மேஜை நகரும். யாரும் தள்ளுவதில்லை. காய்ச்சல், தடுப்பூசி, பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம் என்று எதற்காவது ஒருத்தி மற்றவர்களுக்கு முன்னால் கிளம்பினால், அவள் வீடு இருக்கும் திசையில் மேஜையும் கொஞ்சம் கிளம்பும். போனது திரும்பி வராது. மறுநாள் அது எங்கே நிற்கிறதோ அங்கே உட்கார்ந்து வேலையைப் பார்க்க வேண்டியதுதான்.

என் மேஜை முதலில் ஜன்னலோரம் இருந்தது. கோயமுத்தூர் ராமநாதபுரத்தில் ஒரு பம்பு கம்பெனி எங்களுடையது. நான் இம்பெல்லர் வரைகிறவள். பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தூக்கித் தள்ளுகிற சக்கரம் அது. டிசைன் பிரிவுக்குத் தலைமைப் பொறுப்பு எனக்குத்தான் என்று பேச்சாகியிருந்த சமயத்தில் தன்ஷிகா பிறந்தாள். விடுப்பு முடிந்து வந்து பார்த்தால் அந்த நாற்காலியில் ஹரிபிரசாத் உட்கார்ந்திருந்தான். அவனுக்கு இம்பெல்லர் வரையக் கற்றுக்கொடுத்ததே நான்தான்.

"வாங்க மேடம், பாப்பா நல்லா இருக்குதுங்களா?" என்று எழுந்து நின்று கேட்டான். மரியாதை தெரிந்தவன். இருந்தாலும் அவனைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். இன்றைக்கும் எரிகிறது.

தன்ஷிகாவுக்குச் சளி பிடிக்கப் பிடிக்க மேஜை ஜன்னலை விட்டுத் தூணுக்கு வந்தது. தூணிலிருந்து ஜெராக்ஸ் மிஷினுக்கு, அங்கிருந்து நடைக்கு. பிறகு படிக்கட்டில் இறங்க ஆரம்பித்தது. அது கஷ்டமான காலம். பின்கால்கள் மேல்படியில், முன்கால்கள் கீழ்ப்படியில். ஒரு கையால் பேப்பரைப் பிடித்துக்கொண்டு மறு கையால் வரைவேன். மேலும் கீழும் போகிறவர்கள் "எக்ஸ்கியூஸ் மி" என்று சொல்லிவிட்டு என் மேஜையைத் தாண்டிப் போவார்கள். மழைக்காலம் வந்ததும் தன்ஷிகாவுக்கு மூக்கு ஒழுகுவது நிற்கவே இல்லை. மேஜை மளமளவென்று கேட்டுக்கு வந்துவிட்டது.

"இந்த எடத்துலதாங்க மேடம் காத்து நல்லா வரும்" என்றார் செக்யூரிட்டி துரைசாமி அண்ணன். தன் குடையைக் கொண்டுவந்து மேஜைக்கு மேலே கட்டிக்கொடுத்தார்.

எச்.ஆரிலிருந்து ஒரு மெயில் வந்தது. மேஜை எங்கே இருந்தாலும் அதன் விரிப்பு கம்பெனியின் நீல நிறத்தில்தான் இருக்க வேண்டுமாம். கைரேகை வைக்கிற மிஷினைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. மிஷின் இரண்டாவது மாடியிலேயே இருந்தது. அதனால் தினமும் நான் மாடியேறிப் போய் விரலை வைத்துவிட்டு, இறங்கி மேஜைக்குப் போவேன். மேஜை கேட்டைத் தாண்டி ரோட்டுக்குப் போய், பேக்கரியையும் தாண்டிய பிறகு இந்த வேலைக்கே பஸ் தேவைப்பட்டது. காலையில் வீடு இருக்கும் வெள்ளலூரில் பஸ் ஏறுவேன். வழியில் என் மேஜை தெரியும். அதைக் கடந்து போய் விரலை வைத்துவிட்டு வேறு பஸ் பிடித்துத் திரும்பி வருவேன். பேக்கரி வாசலில் மேஜை நின்ற நாட்களில் வரைந்த இம்பெல்லர்களில் எல்லாம் டீ கிளாஸ் வட்டம் இருக்கும். அந்த வட்டங்களில் ஒன்றை அளவு சரியாக இருக்கிறது என்று வார்ப்புக்கே அனுப்பிவிட்டார்கள்.

என் கணவர் லோகநாதன் நூல் மில்லில் சூப்பர்வைசர். அவருக்கும் அதே குழந்தைதான். அவர் மேஜை போட்ட இடத்தில் போட்டபடி இருந்தது. என் மேஜை பேக்கரி வாசலில் நின்றபோது ஒருநாள் கேட்டேன்.

"ஏனுங்க, உங்க மேஜை நகரவே இல்லீங்களா?"

"அது இரும்பு மேஜை, கோகிலா" என்றார்.

எனக்கு வந்த கோபத்தில் அன்றிலிருந்து ஆபீஸ் வேலையை முடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பது என்று முடிவு செய்தேன். காய்ச்சலுக்கு அவர் லீவு போடட்டும். இருட்டிய பிறகும் பேக்கரி விளக்கில் உட்கார்ந்து வரைந்தேன். மேஜை அசையாமல் நின்றது. அதற்குப் பதிலாக வீட்டில் என் கட்டில் நகர ஆரம்பித்தது.

அது ஒற்றைக் கட்டில், பிரசவத்துக்குப் பிறகு வாங்கியது. நான் நேரம் கழித்து வரும் நாளெல்லாம் அது ஆபீஸ் திசையில் கொஞ்சம் போகும். முதலில் ஹாலுக்கு வந்தது. பிறகு வாசல், பிறகு தெரு. சமையல், பாத்திரம் எல்லாம் வீட்டில் முடித்துவிட்டு, தலையணையை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கிப் போய்ப் படுப்பேன். இஸ்திரிக்காரர் தேய்த்த துணியை என் கால்மாட்டில் அடுக்குவார். எதிர்வீட்டு பாக்கியம்மாள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, "உங்களுக்கு இன்னைக்குத் தண்ணி வந்துச்சுங்களா?" என்று கேட்பார். நான் கண்ணை மூடிக்கொண்டே வந்துச்சு என்பேன்.

தன்ஷிகாவின் சின்ன மெத்தை மட்டும் வீட்டிலேயே இருந்தது. கட்டில் தெருவில் இருந்தவரை அவள் பால்கனியில் நின்று "அம்மா, தூங்கிட்டியா?" என்று கத்துவாள். தெரு முனையைத் தாண்டிய பிறகு குரல் எட்டவில்லை. லோகநாதன் போன் போட்டு அவளிடம் கொடுப்பார். அவள் மூச்சு விடுகிற சத்தம் மட்டும் கேட்கும். அதைக் கேட்டுக்கொண்டு ரோட்டோரத்தில் படுத்திருப்பது எனக்குத் தாங்கவே இல்லை. மறுநாள் சீக்கிரம் கிளம்பிவிடுவேன். மேஜை நகரும். அதற்கடுத்த நாள் வேலை குவிந்துவிடும். கட்டில் நகரும்.

இப்படியே போனால் என்ன ஆகும் என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். அக்கவுண்ட்ஸில் இருந்த ரெஜினாவுக்கு வீடு மதுக்கரையில். மூன்றாவது குழந்தையின் அம்மைக்கு அவள் மேஜை வீட்டையும் தாண்டிவிட்டது. தாண்டிய மேஜை நிற்பதில்லை. கடைசியாக வாளையாருக்கு அந்தப் பக்கம் ஒரு வாழைத்தோட்டத்தில் அதைப் பார்த்ததாகச் சொன்னார்கள். ஆடு கட்டியிருந்ததாம். அதோடு அவள் வேலை போயிற்று.

இன்னொரு பக்கம் எங்கள் ஜெனரல் மேனேஜர் செண்பகம் மேடம். அவர் மேஜை ஒரு அங்குலம் நகர்ந்ததில்லை. கட்டில்தான் வந்துவிட்டது. லிஃப்டில் ஏறி, கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு, நேராக அவர் அறைக்குள் வந்து நின்றுவிட்டது. அவருடைய மகன்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆப்பிள், ஆரஞ்சு வாங்கிக்கொண்டு வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

எனக்கு ரெஜினாவாகவும் விருப்பமில்லை, செண்பகம் மேடமாகவும் விருப்பமில்லை. இம்பெல்லர் வரைய வேண்டும். தன்ஷிகா பக்கத்தில் படுக்க வேண்டும். இரண்டுதான் கேட்டேன். கூடவே மூன்றாவதாகத் தூக்கம் என்று ஒன்றும் இருந்தது. ஆனால் அதை வாய்விட்டுக் கேட்க எனக்கே வெட்கமாக இருந்தது.

தை மாதத்தில் ஒருநாள் மேஜை சிங்காநல்லூர் குளக்கரைக்கு வந்து சேர்ந்தது. அதே வாரத்தில் கட்டிலும் எதிர்ப்பக்கமிருந்து வந்தது. தூங்குமூஞ்சி மரத்தடியில் இரண்டும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நின்றன. குளத்தில் நாரைகள் நடந்துகொண்டிருந்தன. நான் டீ வாங்கி வந்து மேஜையில் வைத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்து குடித்தேன். ஆறவிடாமல் ஒரு டீயை முழுதாகக் குடித்து எத்தனை வருஷம் ஆயிற்று என்று நினைத்தபோது அழுகை வந்துவிட்டது. யாரும் பார்க்கவில்லை, நன்றாக அழுதேன்.

அந்தச் சமயம் பார்த்து செண்பகம் மேடம் கூப்பிட்டனுப்பினார். கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார்.

"உங்க புது இம்பெல்லருக்கு வெள்ளிக்கிழமை சாயங்காலம் டிரையல், கோகிலா. வாங்குற பார்ட்டி நேர்லயே வர்றாங்க. நீங்க நின்னு ஓட்டிக் காட்டிட்டா டிசைன் ஹெட் உங்களுக்குத்தான். ஹரிய ஓசூருக்கு அனுப்பறோம்."

"வெள்ளிக்கிழமை பாப்பாவுக்கு ஸ்கூல்ல ஆண்டு விழாங்க மேடம்."

"அப்படீங்களா?" ஒரு சுளையை என்னிடம் நீட்டினார். "உங்க மேஜையும் கட்டிலும் இப்ப எங்க இருக்குதுங்க?"

"ஒண்ணா நிக்குதுங்க. குளக்கரையில."

அவர் மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினார். "அப்போ வெள்ளிக்கிழமை எது நகர்ந்தாலும் இன்னொண்ணைத் தாண்டிரும். தாண்டிட்டா அதுக்கப்புறம் பிடிக்க முடியாதுங்க. எனக்கும் கட்டிலப் பிடிக்க முடியாமத்தான் போச்சு. கட்டில் இங்க வந்துட்டா ஒரு வகையில ஈஸிதான், போக வர அலைச்சல் இல்ல" என்று சொல்லி, மகன்களின் போட்டோவைப் பார்த்தார். பிறகு ஆரஞ்சுத் தோலை எடுத்துக் கட்டிலுக்கடியில் இருந்த கூடையில் போட்டார்.

ஆண்டு விழாவில் காய்கறி நடனம். தன்ஷிகா கத்திரிக்காய். ஊதா உடை தைத்து வந்துவிட்டது. தலையில் வைக்கும் பச்சைக் காம்பை அம்மாதான் தைக்க வேண்டும் என்று மிஸ் சொல்லியிருந்தார்.

"அம்மா வர முடியலைன்னா அப்பா வருவாரு, சரியா?" என்றேன்.

"நீ வராட்டி நான் கத்திரிக்காய் இல்ல."

"அப்புறம் யாரு?"

"சும்மா தன்ஷிகா" என்றாள். சொல்லிவிட்டு அழாமல் என்னைப் பார்த்தாள். அழுதிருந்தால் சமாதானம் செய்திருப்பேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் குளக்கரைக்கு வந்தேன். மேஜையில் இம்பெல்லர் படம் விரிந்திருந்தது. கையில் பச்சைத் துணியும் ஊசியும். ராமநாதபுரம் போகிற பஸ் இந்தப் பக்கம் நிற்கும், வெள்ளலூர் போகிற பஸ் அந்தப் பக்கம். முதலில் காம்பைத் தைத்து முடிப்போம், அதற்குள் ஏதாவது தோன்றும் என்று கட்டிலில் உட்கார்ந்தேன். இரண்டு தையல் போட்டேன். ஒரு பஸ் வந்து நின்று போயிற்று. எந்தப் பக்கத்துப் பஸ் என்று பார்க்கவில்லை. முதுகு வலித்ததால் தலையணையை இழுத்துச் சாய்ந்தேன். மரத்திலிருந்து காற்று வந்தது. தன்ஷிகா பிறந்த பிறகு நான் பகலில் தூங்கியதே இல்லை. அன்றைக்குத் தூங்கினேன்.

நான் எந்தப் பக்கமும் போகவில்லை. அதனால் மேஜையும் நகரவில்லை, கட்டிலும் நகரவில்லை.

யாரோ இருமுகிற சத்தம் கேட்டுக் கண்ணைத் திறந்தேன். துரைசாமி அண்ணன் தொப்பியைச் சரிசெய்துகொண்டு நின்றார். அவருக்குப் பின்னால் கம்பெனியின் கேட் இருந்தது. கேட்டுக்குப் பின்னால் கம்பெனி இருந்தது. இரண்டாவது மாடி ஜன்னல்களில் தூங்குமூஞ்சிக் கிளைகள் உரசிக்கொண்டிருந்தன.

"எப்ப வந்தீங்கண்ணா?"

"இப்பத்தாங்க மேடம். ரோட்டுல ஒண்ணும் தொந்தரவு இல்லீங்க, சிக்னல்லதான் கொஞ்சம் லேட் பண்ணிட்டாங்க."

செண்பகம் மேடம் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு குளத்தங்கரைப் புல்லில் நடந்துகொண்டிருந்தார். அவரைக் கட்டிலை விட்டுக் கீழே நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. டிரையல் பம்பின் உறிஞ்சு குழாயைப் பையன்கள் குளத்துக்குள் இறக்கிக்கொண்டிருந்தார்கள். பார்ட்டிக்குத் துரைசாமி அண்ணன் நாற்காலி போட்டிருந்தார். ஹரிபிரசாத் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "மேடம், எல்லாம் ரெடிங்க. நீங்க வந்து ஸ்விட்சப் போட்டா ஆரம்பிச்சரலாமுங்க" என்றான்.

மறுபக்கம் திரும்பினேன். எங்கள் வீடு வந்திருந்தது. வாசல் கோலம் கலையவில்லை. கொடியில் காயப்போட்ட துணி அப்படியே இருந்தது. கூடவே தொற்றிக்கொண்டு வந்த பாக்கியம்மாள் அவருடைய வாசற்படியில் உட்கார்ந்து, இந்தக் குளத்துத் தண்ணீர் துவைக்க ஆகுமா என்று யாரையோ விசாரித்துக்கொண்டிருந்தார். லோகநாதன் தன் இரும்பு மேஜையைப் பால்கனியில் ஓரமாக ஒதுக்கிவிட்டு நின்றார். அது எப்போது மில்லிலிருந்து வந்தது என்று தெரியவில்லை. அவர் இடுப்பில் ஊதா உடையோடு தன்ஷிகா.

"கோகிலா, எந்திரிச்சுட்டியா? காம்பு எங்க?" என்று கத்தினார்.

காம்பு என் கையிலேயே இருந்தது. மிச்சத் தையலைப் போட்டு, நூலைக் கடித்து அறுத்தேன். தன்ஷிகா படியிறங்கி ஓடி வந்து கட்டிலில் ஏறினாள். தலையில் வைத்துக் கட்டினேன். காம்பு சற்றுக் கோணல்தான், ஆனாலும் நல்ல கத்திரிக்காய். அவள் என் வயிற்றில் தலையை வைத்துப் படுத்தாள். காம்பு என் தாடையில் குத்தியது. நான் அதை நகர்த்தவில்லை.

"மேடம்" என்று ஹரிபிரசாத் மறுபடியும் கூப்பிட்டான். "ஸ்டார்ட் பண்ணலாமுங்களா?"

நான் ரோட்டைப் பார்த்தேன். தூரத்தில் பள்ளிக்கூடம் வந்துகொண்டிருந்தது. உள்ளே குழந்தைகள் இருப்பதால் மெதுவாகத்தான் வந்தது. மேடையில் சீரியல் விளக்கு எரிந்தது, வெண்டைக்காயும் தக்காளியும் மாடியில் நின்று கையசைத்தன. எதிரே வந்த வெள்ளலூர் டவுன் பஸ் ஓரமாக ஒதுங்கி அதற்கு வழிவிட்டது.

"ஸ்கூல் வந்ததும் எழுப்புங்க" என்று சொல்லிவிட்டு, கத்திரிக்காயை அணைத்துக்கொண்டு திரும்பிப் படுத்தேன்.