தர்ஷனாவின் அளவு

தையல் டம்மியை உரிக்க வேண்டும் என்று ஜெஸ்மின் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிட்டாள். உள்ளே வந்து கதிரையில் உட்கார்ந்துவிட்டால் சொல்ல வாய் வராது என்று நினைத்திருக்கலாம்.

ஜெஸ்மின் என் மனைவி தர்ஷனாவின் தங்கை. ஆடை வடிவமைப்புப் படிக்கிறாள், இறுதி வருடம். தங்கள் வீட்டில் இடமில்லாததால் தையல் வேலையை எங்கள் முன்னறையில்தான் செய்வாள். டம்மிக்குத் தலை இல்லை, கை இல்லை, இரும்புக் கால் ஒன்று. கடையிலிருந்து வரும்போது அது யாருடைய உடம்பும் அல்ல. யாருக்குத் தைக்கிறோமோ அவருடைய அளவு வரும்வரை பஞ்சும் பழந்துணியும் வைத்துக் குண்டூசி குத்த வேண்டும். ஜெஸ்மின் தன் அக்காவின் அளவில் வைத்தாள். தர்ஷனாதான் அவளுடைய எல்லாப் பயிற்சிக்கும் மொடல். கைகளைத் தூக்கிக்கொண்டு நிற்பாள். "கூசுதடி, கெதியா எடு" என்பாள். போன மாரியில் காய்ச்சல் வந்து தர்ஷனா இறந்தாள். டம்மி எங்கள் வீட்டில் நின்றது.

துறைமுக அலுவலகத்திலிருந்து வந்து கதவைத் திறந்தால் முதலில் அந்தத் தோள்கள் தெரியும். இடது தோள் சற்றுத் தாழ்ந்தது, தர்ஷனாவுக்கு இருந்ததுபோல. அதைக்கூட ஜெஸ்மின் விடவில்லை. நான் அழுவதில்லை. லைட்டைப் போடுவேன், தேத்தண்ணி ஊற்றுவேன்.

"ஏன் உரிக்க வேணும்?"

அவள் பையிலிருந்து ஓர் உடுப்பை எடுத்தாள். துரு நிறம், ஓரத்தில் வலைப் பின்னல். பாடத்துக்காக அவள் ஒட்டிய படங்களை முன்பே பார்த்திருக்கிறேன். கப்பலின் அடிவயிற்றுத் துரு, இறங்குதுறைக் கயிறு, இங்கே தெருவில் திரிந்து கடை வாசலில் படுத்திருக்கும் மான். எல்லாம் இந்த ஊர்தான். எல்லாம் உடுப்பில் வந்திருந்தன.

"இதைப் போட்டுக் காட்டுற மொடல் பிள்ளைக்கு இடுப்பில கழண்டு விழுது, அத்தான். அவள்ட அளவை எழுதி வச்சிட்டு அக்காட அளவில வெட்டிப்போட்டன்."

"தெரியாமலோ?"

"கை பழகிப்போச்சு."

"மிஸ் என்ன சொன்னவ?"

"துறைமுகம் இருக்குது, சரி. இதை ஆர் போடப்போறது எண்டு கேட்டவ. நான் அழுதுபோட்டன். வெள்ளிக்கிழமை குடுக்காட்டி இந்த வருசம் போச்சு."

"வேற டம்மி வாங்குவம்."

"கொழும்பில இருந்து வர எவ்வளவு நாள் செல்லும்?"

"உடுப்பைப் பிடிச்சுத் தைக்க ஏலாதோ?"

"ஏலாது. தோளும் சரிவு. கழட்டி, டம்மியில மொடல்ட அளவை வச்சுத்தான் திருப்பி வெட்ட வேணும்." டம்மியின் கழுத்தை விரலால் தடவிப் பார்த்தாள். "நீங்கள் ஒரு சேர்ட்டை அயன் பண்ணிப் போடுறேல்ல. இதுக்கு மட்டும் தூசி தட்டி வச்சிருக்கிறீங்கள்."

கேலியாகத்தான் தொடங்கினாள். முடிக்கும்போது குரல் கேலியாக இல்லை. மாட்டேன் என்று சொன்னால் அவள் போய்விடுவாள், மறுபடி கேட்க மாட்டாள் என்பது தெரிந்தது. டம்மி இங்கேயே நிற்கும். அவளுடைய வருடம் போகும்.

"ஒருக்கா இதைப் போட்டுப் பாரன்," என்றேன்.

அவள் உடுப்பை டம்மியின்மேல் இறக்கி முதுகு ஸிப்பை இழுத்தாள். எங்கும் சுருக்கமில்லை. தாழ்ந்த தோளில் துணி அப்படியே படிந்தது. தர்ஷனா தலையைத் திருப்பி நன்றாயிருக்கிறதா என்று கேட்க எடுக்கும் நேரமளவுக்கு நாங்கள் நின்றோம். பிறகு ஜெஸ்மின் ஸிப்பை இறக்கி உடுப்பைக் கழற்றினாள். முதல் குண்டூசியில் கை வைத்தாள். எடுக்கவில்லை.

"அத்தான், நீங்கள் எடுங்கோ."

எடுத்தேன். நெஞ்சிலிருந்து தொடங்கினேன். ஊசிகள் சில துருப்பிடித்து இறுகியிருந்தன. ஒவ்வொன்றையும் அவள் உள்ளங்கையில் வாங்கிக்கொண்டாள். பஞ்சும் துணியும் ஒட்டி ஒரே தடிப்பாகியிருந்தன. அடியில் சாம்பல் நிறத்தில், ஒடுங்கிய, பழக்கமில்லாத ஓர் உடம்பு வெளிப்பட்டது. ஜெஸ்மின் அதற்கு அளவு நாடாவைச் சுற்றி, இலக்கத்தை மெதுவாகத் தனக்குள் சொன்னாள்.

இடுப்புப் பகுதி முழுதாகக் கழன்று வந்தது. எங்கே வைப்பதென்று தெரியாமல் மேசையில் வைத்தேன். அது தட்டையாக விரியவில்லை. மின்விசிறி இந்தப் பக்கம் திரும்பும்போதெல்லாம், அந்த வளைவோடேயே, மெல்ல அசைந்தது.