சொங்க்ரான் தண்ணீர்

கனகா மாமி வந்தால் பஸ் நிறையும். வராவிட்டால் டிரைவரும் நானும்தான். துபாய் கராமாவில் உள்ள எந்தத் தமிழ்க் குடும்பத்தைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார்கள். சகஸ்ரநாமக் குழுவோ கொலுவோ, மாமி தலையாட்டினால்தான் நடக்கும்.

நான் ஜலஜா. ஊர் தென்காசி, வேலை டிராவல்ஸில். டிக்கெட் போட்டுப் போட்டே தேய்ந்துபோன எனக்கு முதன்முறையாக ஒரு குரூப்பை நானே அழைத்துப் போகும் வாய்ப்பு வந்திருந்தது. தாய்லாந்தில் சியாங்மாய், ஏப்ரலில் சொங்க்ரான் என்ற தண்ணீர்த் திருவிழா. பெயர் கொடுத்தவர்கள் அத்தனை பேரும் மாமியின் ஆட்கள். அந்த மாமிதான் போன் செய்து பின்வாங்கினார்.

"வருஷப் பிறப்பு அன்னிக்கு ஆத்துல விளக்கேத்தாம, நடுத்தெருவுல தண்ணியப் பீச்சியடிச்சுண்டு நிக்கறதா? நன்னா இருக்குடி!"

எங்கள் மேனேஜர் பத்மநாபன் சார் அதைக் கேட்டதும், "அப்ப குரூப் கேன்சல். உனக்கு கவுண்டர்தான் சரி" என்றார். எனக்குச் சுருக்கென்றது. மாமி மேல் கோபமில்லை. அதற்குள் என்னைக் கைகழுவிய இவர் மேல்தான்.

"சனிக்கிழமை நேர்ல போறேன் சார். மாமி வருவாங்க" என்றேன். சும்மா சொல்லவில்லை, நம்பித்தான் சொன்னேன்.

பிம்மையும் கூட்டிக்கொண்டு போனேன். பிம் எங்கள் ஆபீசில் விசா வேலை பார்ப்பவள், சியாங்மாய்க்காரி. ஒரு வெள்ளிக் கிண்ணமும், மல்லிகைப் பூவும், அவர்கள் ஊர் வாசனைத் தண்ணீர் ஒரு பாட்டிலும் கொண்டு வந்திருந்தாள். மாமி வீட்டு ஹாலில் சகஸ்ரநாமக் குழுவின் பட்டுப் புடவைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. எல்லா முகமும் மாமியைப் பார்த்தபடி இருந்தது.

"மாமி, நமக்குச் சித்திரை பொறக்குற அதே சமயத்துலதான் அவங்களுக்கும் புது வருஷம்" என்று ஆரம்பித்தேன். "காலைல கோயிலுக்குப் போய் புத்தருக்கு அபிஷேகம். ஆத்து மணலைச் சுமந்துட்டுப் போய் கோயில்ல கோபுரமா குவிப்பாங்க. போறவங்க யார் வேணா செய்யலாம், நம்மளும் செய்யலாம். அப்புறம் வீட்டுப் பெரியவங்க கையில வாசனைத் தண்ணி விட்டுக் கும்பிடுவாங்க. தெருவுல தண்ணி அடிக்கிறது அதுக்கப்புறந்தான்."

"வாய் வலிக்காம பேசற" என்றார் மாமி. "எங்கே, அந்தப் பொண்ணைச் செஞ்சு காட்டச் சொல்லு."

பிம் மாமியின் காலடியில் மண்டியிட்டாள். கைகளை நீட்டும்படி சைகை காட்டி, கிண்ணத்திலிருந்து மெல்ல ஊற்றினாள். அவ்வளவுதான். மாமியின் வலது கை தானாகக் குழிந்தது. வாய்க்குப் போனது. மிச்சம் தலையில் தடவப்பட்டது.

செண்ட் கலந்த தண்ணீர்! மாமியின் முகம் வேப்பெண்ணெய் குடித்தது போல் ஆனது. ஆனாலும் தீர்த்தத்தைத் துப்புகிற பழக்கம் அவருக்கு ஏது? விழுங்கிவிட்டார். அதைப் பார்த்த மற்ற பெண்களும் "எனக்கும் கொஞ்சம்" என்று உள்ளங்கைகளைக் குழித்துக்கொண்டு நெருங்கினார்கள்.

பிம் மிரண்டு போய் என்னைப் பார்த்தாள். பேசாமல் இருந்தால் ஹால் முழுக்க செண்ட் குடிக்கும். சொன்னால், சொந்த வீட்டில் எல்லார் எதிரிலும் மாமிக்குத் தலைகுனிவு; என் குரூப்புக்கும் சங்குதான். இருந்தும் சொன்னேன்.

"மாமி, அது குடிக்கிற தண்ணி இல்ல. தீர்த்தம் கொடுக்கல, உங்களைத்தான் கும்பிடுறா. நீங்கதான் ஆசீர்வாதம் பண்ணணும்."

நீட்டிய கைகளெல்லாம் பின்னால் போயின. மாமி வாயைத் துடைத்துக்கொண்டார். பிம் மட்டும் மறுபடி குனிந்து, தலையை நிமிர்த்தாமல் கைகூப்பிக் காத்திருந்தாள்.

"எத்தனை நாழியா குனிஞ்சிண்டிருக்கா, பாவம்" என்று மாமி அவள் தலையில் கை வைத்தார். "தீர்க்காயுசா இரு. இவளுக்கு அம்மா இருக்காளாடி?"

நான் ஆங்கிலத்தில் கேட்டேன். பிம் சொன்னதை மாமிக்குச் சொன்னேன். "இருக்காங்க மாமி. இங்க வந்ததுலேர்ந்து லீவு கிடைக்கல. வருஷா வருஷம் வீடியோ கால்ல அம்மா கையை நீட்டுவாங்களாம். இவ இங்க வெறும் தட்டுல தண்ணி விடுவாளாம்."

மாமி எழுந்து உள்ளே போனார். திரும்பி வந்தபோது கையில் குத்துவிளக்கு இருந்தது, அடக்கமான சின்ன விளக்கு.

"இதைப் பெட்டியில வெச்சுக்கறேன். ஹோட்டல்ல ஏத்திக்கலாம். ஆனா இவளும் வரணும். இல்லேன்னா நான் வரலை. உங்க மேனேஜர்கிட்ட சொல்லிடு."

அங்கேயே போன் போட்டேன். "ஒரு ஸ்டாஃப்தானே போகலாம்?" என்று பத்மநாபன் சார் இழுத்தார். "ரெண்டு பேர் சார். ஒத்துக்கலேன்னா மாமி உங்ககிட்டயே பேசுவாங்களாம்" என்றேன். சட்டென்று சரி என்றார்.

லிஃப்டில் பிம் தன் அம்மாவை வீடியோ காலில் கூப்பிட்டாள். அந்தப் பேச்சில் ஒரு வார்த்தையும் எனக்குப் புரியவில்லை. திரையில் அந்த அம்மா சிரித்துக்கொண்டே, சொங்க்ரானுக்கு நீட்டுவது போலவே இரண்டு கைகளையும் கேமரா முன்னால் நீட்டினார். பிம் வேண்டாம் என்று தலையை ஆட்டி, அந்தக் கைகளைக் கீழே போடச் சைகை காட்டினாள்; இந்த வருஷம் நேரிலேயே ஊற்றப் போகிறாளே.